மூன்றாவது பூச்சு

வண்டியின் நிறத்தை வெயில்தான் கெடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள், மேடம். எங்கள் பக்கத்தில் வெயிலுக்கு இரண்டாவது இடம்தான். முதல் எதிரி ஜல்லி. எண்ணூர் சாலையில் முன்னால் போகிற கன்டெய்னர் லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்துப் பட்டால், மிளகு அளவுக்குப் பெயிண்ட் எகிறிவிடும். கவனிக்காமல் விட்டால் மீதியை உப்புக்காற்று பார்த்துக்கொள்ளும். ஒரே மழைக்காலத்தில் மிளகு ஆழாக்கு அளவுக்கு வளர்ந்து, கை வைத்தால் துரு உதிரும்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் ஆரம்பம்.

பெயிண்ட் எகிறினால் அன்றைக்கே தொட்டுவிடுவது என் வழக்கம். பெரிய வேலை இல்லை. அந்த இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிறகு பிரைமர், பிறகு நிறம். கடையில் தருகிற நிறத்தை அப்படியே வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும், ஏனென்றால் வண்டி பழையது, நிறம் வெளுத்திருக்கிறது. அதனால் நீலத்தில் துளி வெள்ளை கலந்து, வெளுத்துப்போன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் பொறுமை வேண்டும். பூசுவதற்கு ஒரு சின்ன பிரஷ் போதும். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இரண்டே போதும். மூன்றாவது பூசுகிறவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். தடித்த பூச்சு மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே பல நாள் காயாது.

என் மனைவி மதி கிண்டல் செய்வாள். "எனக்குத் தல வலிச்சா ஒரு நாளு தைலம் தடவிக்கீறீங்களா? அதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுகினு தடவுறீங்க" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சின்னக் கார், பழையது, நாங்கள் இரண்டாம் கையாக வாங்கியது. புதுசு மாதிரி வைத்திருக்கிறேன் என்று மணலி புதுநகரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும் இல்லையா. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அடுத்த பொங்கலோடு ஓய்வு. என் பொறுப்பில் ஒரு உயிர்கூடப் போனதில்லை என்று சொல்லி, வழியனுப்பு விழாவில் கேடயம் கொடுப்பதாக இருந்தார்கள். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். லாரிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று எத்தனை மனு கொடுத்திருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். போன தடவை ஸ்டேஷனுக்கு வந்தபோது என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நடந்தது இது. அன்றைக்குத் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஒரு ஷெட் பாக்கியில்லாமல் வண்டிகளைக் கழுவுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். டிங்கர் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மீன்பாடி வண்டிக்குக்கூடச் சக்கரத்தில் சிவப்பு அடித்திருப்பார்கள். உங்கள் ஸ்டேஷன் ஜீப்பும் அன்று பளபளவென்றுதான் இருந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள், புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

விடிவதற்கு முன்பே கிளம்பிக் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ, பொரி, திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அங்கே கூட்டம் சேர்வதற்குள் வாங்கினால் பூசணிக்காய் நல்லதாகக் கிடைக்கும். திரும்பும்போது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கால்வாய் ஓரமாக எங்கள் பகுதிக்குத் திரும்புகிற சாலையில் எதிரே ஒரு லாரி விளக்கைக் குறைக்காமல் வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் வேம்பு இருந்தார்.

வேம்பு எங்கள் தெருவைக் கூட்டுகிற பெண்மணி. புளியந்தோப்பு குடியிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பச்சை நிறக் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பகுதிக்குள் வருவார். மதி தினமும் அவருக்குக் காபி கொடுப்பாள். அவருக்கென்று ஒரு டம்ளர் கேட்டின் உள்பக்கம் கவிழ்த்து வைத்திருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே வைத்துவிடுவார்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் வேகமாகப் போகிறவன் இல்லை. வண்டி அவர் இடுப்பில் பட்டு, குப்பை வண்டியின் இரும்பு விளிம்பு என் வண்டியின் முன்பக்க இடது மட்கார்டில் இழுத்துவிட்டது. அவ்வளவுதான். லாரி நிற்காமல் போய்விட்டது. நான் இறங்கிப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "சார், நீயா சார்?" என்றார். தெரிந்தவனாகப் போய்விட்டதில் அவருக்கு நிம்மதி. "ஒண்ணியும் இல்ல சார். எய்ந்துக்கத்தான் முடில."

அவரைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாராவது இருந்தால் அப்படியே போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். குப்பை வண்டியைக் கருவேலம் புதருக்குள் தள்ளினேன், நடுவழியில் இருந்தால் வருகிறவர்களுக்கு ஆபத்து என்பதால்.

ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினேன். சாலை பிரிகிற இடம் வந்ததும் வண்டியை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகும், என் பெயரை எழுதுவார்கள், வண்டி எண்ணை எழுதுவார்கள். இத்தனை வருடம் லாரிக்காரர்கள் பெயரை எந்த இடத்தில் எழுத வைத்தேனோ அந்த இடத்தில் என் பெயர் இருக்கும். கேடயத்தைப் பற்றியும் நினைத்தேன், மறைக்கவில்லை. அதோடு என்னால் ஒன்றை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சின்ன வண்டிகள் ஆளை இடிப்பதில்லை, மேடம். லாரிகள்தான் இடிக்கின்றன. எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த லாரி விளக்கைக் குறைத்திருந்தால் இது நடந்தே இருக்காது.

அதனால் வீட்டுக்குத் திருப்பினேன். ஒரு போர்வை எடுக்கலாம், கொஞ்சம் யோசிக்கலாம் என்று நினைத்தேன். வண்டியை ஷெட்டுக்குள் விட்டு ஷட்டரை இறக்கி விளக்கைப் போட்டேன். வேம்பை விட்டுவிட்டு நேராக மட்கார்டைப் பார்க்கப் போனேன் என்று நினைக்காதீர்கள். அவரைத்தான் முதலில் பார்த்தேன். தலைக்கு ஒரு பழைய மெத்தை உறை வைத்தேன். வெளியே ரத்தம் அதிகம் இல்லை. வயிற்றில் கை வைத்தபோது கெட்டியாக இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். உள்ளே கசிகிறது. அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்த்தால் பிழைப்பார் என்று தொழிற்சாலை வாசலில் பலகை எழுதி வைத்தவனே நான்தான்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன் வேம்பு. வந்துகிட்டே இருக்கு" என்றேன்.

"நீ கீறப்போ எனக்கின்னா சார் பயம்" என்றார்.

பிறகுதான் மட்கார்டைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு உழுதுவிட்டிருந்தது. உள்ளே குப்பை வண்டியின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. என் யோசனை எளிமையானது. வண்டியில் அடையாளம் இல்லையென்றால் நான் இடித்தவன் இல்லை. சாலையில் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் மரியாதையே வேறு. ஆக, முதலில் மட்கார்டு, பிறகு ஆஸ்பத்திரி. இந்த வரிசையில் அப்போது எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கரகரவென்று சத்தம் வந்தது. உள்ளேயிருந்து அவர், "இன்னா சார் சத்தம்?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் நடுக்கம். நோயாளி பதற்றப்படக் கூடாது. அதனால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பச்சை தெரியாத அளவுக்கு பிரைமரைப் போட்டேன். என் வாழ்க்கையில் சரியாகத் தேய்க்காமல் பிரைமர் போட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் அவருக்காக.

பிரைமர் காய்கிற நேரத்தில் நிறத்தைக் கலந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். பெயிண்ட் வாசனை வருகிறதே என்றார். "நாளிக்குப் பூஜ கீதுல்ல, அதான் அடிக்கிறியா" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அவருடைய மகள் நர்சிங் படிக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாள் எங்கள் வாசலில் காபி குடித்தவர், நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

முதல் பூச்சு வைத்துக்கொண்டிருந்தபோது மதி ஷட்டருக்கு வெளியே வந்து நின்றாள். "இன்னாங்க, காபி. இந்த நாத்தத்துல எப்டித்தான் உள்ள நிக்கிறீங்களோ. இங்கயே வெச்சிட்டுப் போறேன்" என்றாள். அவளுக்கு பெயிண்ட் வாசனை ஒத்துக்கொள்ளாது. ஷட்டரை ஒரு முழம் தூக்கி டம்ளரை எடுத்துக்கொண்டேன். வேம்பு தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். வயிற்றில் அடிபட்டவருக்கு எதுவும் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவர் கேட்ட விதம் என்னவோ போல இருந்தது. என் காபியில் பாதியைக் கொடுத்தேன். என்னுடைய டம்ளரிலேயே கொடுத்தேன், மேடம். அவருடைய டம்ளரைத் தேடிக்கொண்டு போகவில்லை. அப்படிப்பட்ட ஆள் நான் இல்லை என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த டம்ளரைப் பிறகு வெளியே போட்டுவிட்டேன், அது வேறு விஷயம்.

"மதியக்கா கையி காபியே காபிதான்" என்றார்.

அவருடைய கைப்பையில் போன் அடித்தது. "எம் பொண்ணு சார். எடுத்து நல்லாக்கீதுன்னு சொல்லு. இல்லாங்காட்டி பேஜாராய்டும்" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். திரையில் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அணைத்துவிட்டு, "சொல்லிட்டேன் வேம்பு" என்றேன்.

பிறகு, நான் கேட்காமலே, "சார், உன் மேல தப்பில்ல சார். லாரி லைட்ட போட்டுகினு வந்தான், நானுந்தான் பாத்தேன். யாருன்னா கேட்டா லாரி இட்ச்சிட்டான்னே சொல்றேன். நீ பயப்படாத" என்றார்.

என் பயத்தைச் சீட்டில் படுத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் வலியில் இருக்கிறவர் சொல்கிற வார்த்தையை எவ்வளவு தூரம் நம்ப முடியும். ஆஸ்பத்திரியில் மகள் வந்து கையைப் பிடித்தால் என்ன சொல்வாரோ. தொழிற்சாலையில் எத்தனையோ விசாரணை நடத்தியிருக்கிறேன். முதல் நாள் ஒன்று சொல்வார்கள், மூன்றாம் நாள் வேறு சொல்வார்கள்.

"நீ ஒண்ணும் பேசாத. இது காய்ஞ்சதும் கிளம்பிடலாம்" என்றேன்.

"இன்னாது சார் காயணும்?" என்று கேட்டார்.

அவர் இறந்தது மாலையில் இல்லை, மதியம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். உச்சி வெயில் ஷட்டரின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தபோது அவர் மகளின் பெயரைச் சொன்னார், பிறகு சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தனியாகச் சாகவில்லை அவர். சாலையில் விழுந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது.

கை கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். மதி வாழைக்காய் வறுத்திருந்தாள். ருசி தெரியவில்லை. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதை உங்களிடம் பெருமையாகச் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்னால் பெருமழை பிடித்துக்கொண்டது. சாலையில் லாரிகளைத் தவிர யாரும் இல்லை. வண்டி உறையைப் போட்டு மூடி அவரைக் கொண்டுபோய், அவருடைய குப்பை வண்டிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். குப்பை வண்டியைப் புதரிலிருந்து இழுத்துச் சாலையோரம் சாய்த்தேன். கைப்பையை அவர் கைக்கருகில் வைத்தேன். மகள் தேடும்போது சுலபமாகக் கிடைக்கட்டும் என்றுதான்.

இசக்கிப்பாண்டி என்கிற அந்த லாரி டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அன்று மாலை அந்த வழியே எத்தனையோ வண்டிகள் போயிருக்கும். அவர் ஒருவர்தான் நிறுத்தி, மழையில் இறங்கி, வேம்பின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஷிப்டு முடிந்து வந்த பஸ் ஒன்று வந்து நின்றது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர்தான் இடித்தார் என்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அடித்துத் தாடையை உடைத்துவிட்டார்கள். ஒரு கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நான் அடிக்கவில்லை. நான் அந்த இடத்திலேயே இல்லை, வீட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பூஜை. மதி வண்டிக்கு மாலை போட்டு, சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தோடு எல்லா இடத்திலும் பொட்டு வைத்தாள். ஸ்டீயரிங், கதவு, பானெட். இடது மட்கார்டில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருக்கவும், அங்கே கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள். ஈரமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. நேற்றுக் காலையில் பூசியது இன்னுமா காயவில்லை என்று கேட்பாளே என்று சும்மா இருந்துவிட்டேன். பொட்டைத் துடைக்கவும் முடியாது. பூஜைப் பொட்டு தானாக உதிர வேண்டும், கையால் துடைத்தால் வண்டிக்கு ஆகாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். வாசலில் பூசணிக்காயை உடைத்தோம். தெருவெல்லாம் குங்குமமும் தண்ணீருமாகக் கிடந்தது. அதைக் கூட்ட அன்று யாரும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் சாலை மறியல் நடந்தது. வேம்பின் மகள் வந்திருந்தாள், அதே வெள்ளைச் சீருடையில். அழாமல் நின்றாள். சங்கத்தின் சார்பில் நான் பேசினேன். இப்படிப்பட்ட டிரைவர்களுக்கு ஆயுசுக்கும் லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னபோது கைதட்டினார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அம்மா உங்க வூட்டுக் காபியப் பத்தி சொல்லிகினே இருக்கும் சார்" என்றாள். நான் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். மனதில் ஒன்றும் இல்லை. காலி டப்பா மாதிரி இருந்தது.

மனுவைக் கொடுக்க உங்கள் ஸ்டேஷனுக்கு என் வண்டியில்தான் வந்தோம். வளாகத்தில் இடம் இல்லாமல், பிடித்துவைத்த வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினேன். பக்கத்தில் வேம்பின் பச்சைக் குப்பை வண்டி நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா. உண்மையிலேயே பார்க்கவில்லை. கல் பட்டிருக்கிறதா என்று பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எங்களை வழியனுப்ப வெளியே வந்தீர்கள். மரியாதையாகப் பேசினீர்கள். பேசிக்கொண்டே மட்கார்டில் கை வைத்து, காய்ந்துபோன சந்தனப் பொட்டை நகத்தால் சுரண்டினீர்கள். எல்லோரும் செய்வதுதான், கை சும்மா இருக்காது. சந்தனத்தோடு சேர்ந்து பெயிண்டும் பிரைமரும் வட்டமாக உரிந்து உங்கள் நகத்தில் வந்தது. உள்ளே பச்சை தெரிந்தது. நீங்கள் அந்தப் பச்சையைப் பார்த்தீர்கள், பிறகு பக்கத்தில் நின்ற குப்பை வண்டியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இடித்தது விபத்து. அதை நான் முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்களும் அதை மறுக்கவில்லை. மற்றதெல்லாம் காலதாமதம்தான் என்று வக்கீல் சொல்லச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் இருந்தேன், பெயிண்ட் காயக் காத்திருந்தேன், அதற்குள் அவர் போய்விட்டார் என்று. மூன்று நாளாக அதை எனக்கே சொல்லிச் சொல்லி, அது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் உங்களுக்கு டிங்கர் கடையில் விவரம் தெரிந்தவர் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு சின்னக் கீறலில் பூச்சு ஏன் இத்தனை தடிமன், மூன்று நாளாகியும் நகத்தில் உரிகிற அளவுக்கு ஏன் காயவில்லை, இரண்டு பூச்சு போதும் என்று தெரிந்த ஆள் மூன்றாவதை ஏன் பூசினார் என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது பூச்சு காய்ந்துவிட்டது, மேடம். தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. பின்சீட்டில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.